ஐந்து குடும்பங்கள்: மருத்துவ மாணவர்கள் ஊருக்குள் வந்த வரலாறு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தறி. முன்கூடத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிக்கிறார். கை நாடாவை ஓட்டுகிறது. கண் சரிகையை விட்டு அகல்வதில்லை. முதுகு முன்னால் சாய்ந்தபடியே இருக்கிறது. ஒரு பட்டுச்சேலை முடியும்வரை நாள் கணக்கில் இதே நிலைதான். இதே மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போனால் புறநோயாளி சீட்டில் ‘இடுப்பு வலி’ என்று இரண்டு சொல் எழுதப்படும், மாத்திரை கிடைக்கும். தறியைப் பற்றி அந்தச் சீட்டில் ஒன்றும் இருக்காது.

மருத்துவம் படிப்பவர்களை வார்டிலிருந்து வெளியே அழைத்துவந்து இப்படியொரு முன்கூடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டு பழையது. இன்று இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் சில குடும்பங்களைத் ‘தத்தெடுத்து’, படிக்கும் காலம் முழுவதும் அவற்றின் நலத்தைப் பார்த்துவர வேண்டும் என்பது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி நேரானதல்ல. ஒவ்வொரு தலைமுறையும் இதைப் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி பதிலில்லாமல் நின்றது: மாணவர் வீட்டில் பார்த்ததை யாரிடம் போய்ச் சொல்வார்?

வேலூர்ச் சாலையோரம்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில் வேலூர். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1899-ல் பட்டம் பெற்று, மறுஆண்டு இங்கே திரும்பினார். ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய அவருடைய வைத்தியசாலை 1902-ல் மருத்துவமனையாக வளர்ந்தது. ஆனால் நோயாளிகளில் பலருக்கு வேலூர் வரை வருவதே பெரும்பாடு. வருவதற்குள் நோய் முற்றிவிடும். எனவே அவரே வாரம் ஒருமுறை குடியாத்தம் சாலையில் புறப்பட்டார். குறித்த மரத்தடிகளில் வண்டி நிற்கும், சனம் காத்திருக்கும். புண் கழுவிக் கட்டுவது, சொட்டு மருந்து விடுவது, பல் பிடுங்குவது எல்லாம் சாலையோரத்திலேயே நடந்தன. குடியாத்தமும் கைத்தறி ஊர்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1918-ல் அவர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அது எல்.எம்.பி. எனப்பட்ட உரிமம் தரும் பள்ளி, பட்டம் தருவதல்ல. முதல் அணியில் இறுதிவரை நின்ற 14 பேரும் தேர்வில் தேறினார்கள் என்பது வேலூரில் இன்றும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பள்ளியின் மாணவிகளுக்குச் சாலையோர வைத்தியம் படிப்போடு கலந்தே வந்தது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று வீட்டார் தடுத்த காலத்தில், அந்த வீடுகளுக்குள் போகக்கூடியவர்கள் இந்தப் பெண்கள் மட்டுமே. பிரசவ அறையின் இருட்டும் அழுக்குத் துணியும் அவர்களுக்குப் பாடநூலில் படித்த செய்திகளாக இருக்கவில்லை.

இதை இன்றைய பொருளில் ‘மக்கள் நலனுக்காக வாதாடுதல்’ என்று சொல்ல முடியுமா என்பது சந்தேகம். அது பெரும்பாலும் தொண்டு. நோயாளி வந்தார், மருந்து வாங்கினார், போனார். நோய்க்குக் காரணமான கிணற்றையோ கூலியையோ பற்றி யாரிடமும் மனு கொடுக்கப்படவில்லை. எனினும் மருத்துவக் கல்வியின் வகுப்பறை ஒரு சாலையாகவும் இருக்கலாம் என்ற பழக்கம் அங்கேதான் வேர்விட்டது.

போர் குழுவும் எல்.எம்.பி. மருத்துவர்களும்

1943-ல் அமைக்கப்பட்டு 1946-ல் அறிக்கை தந்த நலவாழ்வுக் குழுவுக்குத் தலைவர் சர் ஜோசப் போர். தமிழில் எழுதும்போது சண்டைக் குழு போலத் தோன்றும், ஆனால் அது அவருடைய பெயர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் அதில் உறுப்பினர். மருத்துவ மாணவர்களுக்கு மூன்று மாதம் நோய்த்தடுப்பு, சமூக மருத்துவம் ஆகியவற்றில் பயிற்சி தர வேண்டும், அவர்கள் சமூகத்தின் மருத்துவர்களாக வெளியே வர வேண்டும் என்று அறிக்கை சொன்னது. இன்றைக்கும் மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவத் துறை என்ற ஒன்று இருப்பதற்கு மூலம் இதுவே.

அதே அறிக்கை வேறொன்றும் சொன்னது. இனி ஒரே தரமான மருத்துவர் போதும், அவர் பட்டதாரியாக இருக்க வேண்டும், எல்.எம்.பி. பள்ளிகள் தேவையில்லை. குழுவுக்குள்ளேயே சிலர் இதை ஏற்கவில்லை. அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. சென்னை மாகாணம் 1920களின் நடுவில் தொடங்கிய ஒரு திட்டம் கிராமங்களில் தங்கித் தொழில் செய்யும் மருத்துவர்களுக்கு அரசு உதவித்தொகை தந்தது. அப்படி ஊரோடு ஊராக இருந்து பார்க்க முன்வரக்கூடியவர்கள் பெரும்பாலும் எல்.எம்.பி.க்களே. வேலூர்ப் பள்ளியும் இந்த மாற்றத்தில் சிக்கி, மூடுவதா உயர்த்துவதா என்று தவித்து, 1942-ல் எம்.பி.பி.எஸ். கல்லூரியானது. 1947-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது.

தரம் உயர்ந்தது உண்மை. கூடவே ஊரில் தங்கும் மருத்துவர் என்ற ஆள் மெல்ல மறைந்தார். ஊருக்கு வந்து போகும் மருத்துவ மாணவர் அந்த இடத்துக்கு வந்தார். பிற்காலத் திட்டங்கள் எல்லாவற்றிலும் இந்த மாற்றத்தின் நிழலைப் பார்க்கலாம்.

கணியம்பாடியில் கற்றது

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலத்துறை 1955-ல் தொடங்கியது. பாகாயத்தில் அதற்கென்று தனி மருத்துவமனை உருவானது, சுற்றியுள்ள கணியம்பாடி ஒன்றியம் அதன் களமாயிற்று. 1977-ல் கே.வி. குப்பம் ஒன்றியத்தில் ‘ருஷா’ என்ற கிளை அமைப்பும் எழுந்தது. அது மருத்துவத்தோடு கறவை மாடு, தொழிற்பயிற்சி, கடனுதவி என்று வாழ்வாதாரத்தையும் சேர்த்துக்கொண்டது.

கணியம்பாடி முறையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். முதலாண்டு மாணவர்கள், உடற்கூறு மேசையிலிருந்து இன்னும் முழுதாக எழுந்திராத காலத்திலேயே, ஒரு கிராமத்தில் முகாமிட அனுப்பப்படுகிறார்கள். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பார்கள்: யார் யார் இருக்கிறார்கள், எந்தக் குழாயில் தண்ணீர், கழிப்பறை உண்டா, சாணம் எங்கே கொட்டப்படுகிறது, கடைசிப் பிரசவம் எங்கே நடந்தது, எவ்வளவு கடன். எடுத்த கணக்கை இரவில் உட்கார்ந்து தொகுப்பார்கள். பிறகு அதிலிருந்து ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊருக்கு ஏற்றபடி நாடகமாகவோ பாட்டாகவோ கண்காட்சியாகவோ அங்கேயே நடத்துவார்கள். பின்னாண்டுகளின் முகாம்களில் செவிலிய மாணவர்களும் சேர்ந்துகொள்வதுண்டு.

இந்த மாணவர்களில் பலருக்குத் தமிழ் தாய்மொழி அல்ல. கேரளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, கல்லூரியில் வைத்த தமிழ் வகுப்பில் எழுத்துக்கூட்டியவர்கள். ‘குடைச்சல்’ என்பதும் ‘கடுப்பு’ என்பதும் ஒரே வலி அல்ல என்று நோயாளிக்குத் தெரியும், அகராதிக்குத் தெரியாது. ‘வாய்வு பிடிச்சிருக்கு’ என்பதை மொழிபெயர்க்கவே முடியாது. ‘என்ன செய்யுது?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகுவதுதான் அந்த முகாமின் கடினமான பாடமாக இருந்திருக்க வேண்டும். எந்தத் தேர்விலும் இதற்கு மதிப்பெண் இல்லை.

கணியம்பாடியில் இது நிலைத்ததற்கு மாணவர்களின் ஆர்வத்தை மட்டும் காரணமாகச் சொல்வது தவறு. மாணவர் முகாம் முடிந்ததும் கிளம்பிவிடுவார். ஆனால் அந்த ஊரைச் சேர்ந்த பகுதிநேர நலப்பணியாளர் ஒரு பெண், ஒன்றிரண்டு ஊர்களுக்கு ஒரு செவிலியர், குறித்த நாளில் வரும் மருத்துவர் ஆகியோர் ஆண்டு முழுவதும் இருந்தார்கள். மாணவர் கண்டுபிடித்த காசநோய்க்காரருக்கு அடுத்த வாரம் மருந்து தர ஆள் இருந்தது. இப்படி ஆள் இல்லாத இடங்களில் இதே முகாம் சுற்றுலாவாகச் சுருங்கிவிட்டது.

வண்டிகள் வந்தன

1969-ல் சேவாகிராமத்தில் சுசீலா நய்யார் தொடங்கிய மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி ஒவ்வோர் அணிக்கும் ஒரு கிராமத்தைக் கொடுத்தது. மாணவர்கள் அங்கே முகாமிட்டு, தமக்கென ஒதுக்கிய குடும்பங்களைப் படிப்பு முடியும்வரை போய்ப் பார்த்தார்கள். இன்றைய குடும்பத் தத்தெடுப்புக்கு நேர் முன்னோடி இதுவே. 1974-ல் இளம் மருத்துவர்களும் மாணவர்களும் கூடி ‘மெடிகோ ஃபிரண்ட் சர்க்கிள்’ என்ற நட்பு வட்டத்தை ஏற்படுத்தினார்கள். மருந்துக் கம்பெனிகளின் விலை, பஞ்சத்தில் சாப்பாடு, தொழிற்சாலை நோய்கள் என்று அவர்கள் எழுப்பிய கேள்விகள் கல்லூரிப் பாடத்துக்கு வெளியே இருந்தன. ஊரில் பார்த்ததை நாட்டிடம் கேள்வியாகத் திருப்பிய முயற்சிகளில் அது முக்கியமானது.

அரசும் தன் பங்குக்கு இறங்கியது. ஸ்ரீவஸ்தவ் குழுவின் 1975 அறிக்கையை அடியொற்றி 1977-ல் மருத்துவக் கல்வியைத் திசைதிருப்பும் திட்டம் வந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ‘ரோம்’ என்றார்கள். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஒன்றியங்களைப் பொறுப்பேற்க வேண்டும், ஆசிரியர்களும் மாணவர்களும் அங்கே போய்ப் பணியாற்ற வேண்டும், போவதற்கு நடமாடும் மருத்துவ வண்டிகள் தரப்படும். வண்டிகள் வந்தன, திட்டம் சில ஆண்டுகளில் சோர்ந்தது. பேராசிரியரின் பதவி உயர்வு வார்டிலும் ஆய்வுக் கட்டுரையிலும் இருக்கும்போது ஒன்றியத்துக்கு யார் போவார்கள்? மாணவரும் ஆசிரியர் எதை மதிக்கிறாரோ அதைத்தான் மதிப்பார்.

வெளியே நடந்தது

மெக்சிகோவில் 1936 முதலே மருத்துவ மாணவர்கள் பட்டம் வாங்குமுன் கிராமத்தில் சமூக சேவை செய்வது கட்டாயம். தென்னாப்பிரிக்காவில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதியர் 1940-ல் போலேலா என்ற ஜூலு மக்கள் பகுதியில் ஒரு நலவாழ்வு நிலையம் அமைத்தனர். வீடு வீடாகக் கணக்கெடுத்து, குழந்தைகள் மெலிந்திருப்பதைக் கண்டு, காய்கறித் தோட்டம் போடச் சொல்லித் தந்தார்கள். 1957-ல் ஜாக் கைகர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர் அங்கே சில மாதம் பயிற்சிக்கு வந்தார். அவர் தன் நாட்டுக்குத் திரும்பி, 1960களில் மிசிசிப்பி மாநிலத்தில் வறிய கறுப்பின மக்களிடையே ஒரு சமூக நலவாழ்வு மையத்தை உருவாக்கினார். பசியால் வாடிய குடும்பங்களுக்கு அந்த மையத்தின் மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் உணவை எழுதினார்கள். கடைக்காரர் சாமானைக் கொடுத்துவிட்டு, மையத்தின் மருந்துச் செலவுக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டார். மேலிடம் கேள்வி கேட்டது. ஊட்டக்குறைவுக்கு மருந்து சாப்பாடுதானே என்பது அவருடைய பதிலின் சாரம். ஒரு மாணவர் சில மாதம் ஓர் ஊரில் கண்டது இன்னொரு கண்டத்தில் அரசின் கொள்கையோடு மோதியது. நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியின் மான்டிஃபியோர் மருத்துவமனையில் 1970-ல் சமூக மருத்துவத்துக்கென்றே ஒரு பயிற்சி மருத்துவர் திட்டம் தொடங்கியதும் இந்தக் காலத்தின் விளைச்சல்.

2007: மாணவர்கள் எதிர்த்தபோது

மருத்துவ மாணவர்களின் பொதுநல ஈடுபாட்டைப் பற்றி எழுதுபவர்கள் 2007-ஐத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். அது சங்கடமான ஆண்டு. மத்திய சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாஸ், ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்போடு ஓராண்டு கட்டாயக் கிராமப்புறப் பணியைச் சேர்க்க முன்வந்தார். தமிழ்நாட்டு மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிராமம் கசக்கிறது என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு.

மாணவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டால் விஷயம் அவ்வளவு எளிதல்ல. கிராமத்துக்கு வேண்டியது நிரந்தர மருத்துவர், அந்தப் பணியிடங்களை நிரப்பாமல் ஆண்டுக்கு ஆண்டு மாறும் பயிற்சி மருத்துவரைக் குறைந்த உதவித்தொகையில் அனுப்புவது கிராமத்தாரையும் ஏமாற்றுவதாகும் என்றார்கள். எல்.எம்.பி. ஒழிந்தபோது எழுந்த கேள்வியே அறுபது ஆண்டு கழித்து மாணவர் வாயில் வந்தது. திட்டம் அந்த வடிவில் நடைமுறைக்கு வரவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் வேறொரு வழி இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தனி ஒதுக்கீடு. மேற்படிப்புக்கு ஆசைப்படும் இளம் மருத்துவர் முதலில் கிராமத்தில் உட்கார இது காரணமாக இருந்தது. 2017-ல் இந்த ஒதுக்கீடு ஆட்டம் கண்டபோது அரசு மருத்துவர்கள் போராடினார்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. இது சுயநலப் போராட்டம்தானே என்றால், ஆம். சுயநலமும் ஊர்நலமும் ஒரே திசையில் ஓடும்படி வாய்க்கால் வெட்டியதுதான் அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம்.

மீண்டும் காஞ்சிபுரம்

தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச்சில் வெளியிட்ட சுற்றறிக்கை தமிழ்நாட்டில் பெரிய சர்ச்சையானது. ஆனால் சர்ச்சை முழுவதும் சரகர் பெயரிலான உறுதிமொழியைப் பற்றியது. 2021-22-ல் சேர்ந்தவர்கள் முதல் ஒவ்வொரு மாணவரும் ஐந்து குடும்பங்களைத் தத்தெடுத்து, மூன்று கட்டங்களில் மொத்தம் 78 மணி நேரம் அதற்குச் செலவிட வேண்டும் என்ற புதிய ஏற்பாடு அந்த இரைச்சலில் கவனிக்கப்படாமல் நடைமுறைக்கு வந்தது. ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தைகளின் எடை ஆகியவற்றைப் பார்த்துப் பதிய வேண்டும். அறுபது வயது நெசவாளரைப் பதினெட்டு வயது மாணவர் ‘தத்தெடுப்பது’ என்ற சொல்லாட்சியை யார் யோசித்தார்களோ தெரியவில்லை. யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று பார்த்தால் தத்து எதிர்த்திசையில் நடப்பதாகவே படும்.

காஞ்சிபுரத்தின் நிலை கொஞ்சம் வினோதமானது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கென 1965-ல் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி, 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டோடு போய்விட்டது. காஞ்சி நகரை ஒட்டிய ஏனாத்தூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அண்ணா புற்றுநோயால் 1969-ல் மறைந்தபின் அவர் பிறந்த இந்த ஊரின் காரப்பேட்டையில் அவர் பெயரில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

ஆய்வுக்கு உள்ளாவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கும் உலகின் மிகப்பெரிய ஆய்வு தொடங்கியது. லட்சக்கணக்கானோர் பதிவு செய்யப்பட்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடரப்பட்டார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே யோசிக்கவைத்தது. அறிவியலுக்கு அதனால் விளைந்தது பெரிது. ஆனால் வீட்டுக்காரர் கண்ணுக்கு ஆய்வாளர் வந்து எழுதிக்கொண்டு போவதும் மாணவர் வந்து எழுதிக்கொண்டு போவதும் ஒன்றாகவே தெரியும். ‘எழுதிட்டுப் போறீங்களே, எங்களுக்கு என்ன?’ என்பது நியாயமான கேள்வி.

நெசவாளர் விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரையின் நாடாவை ஓட்டுகிற உதவியாள் நெடுங்காலம் பெரும்பாலும் சிறுவராகவோ சிறுமியாகவோ இருந்தார், முன்பணம் வாங்கிய கடனுக்கு ஈடாக. மங்கிய வெளிச்சத்தில் கண்ணும் ஓயாத வேலையில் முதுகும் கெட்டன. 2003-ல் வெளியான ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ அறிக்கை காஞ்சிபுரப் பட்டுத் தறிகளில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றிச் சாட்சியங்களோடு எழுதியது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு மீட்டன. அந்த உடல்களைப் பற்றி உரக்கப் பேசியவர்கள் பெரும்பாலும் மனித உரிமைக்காரர்களும் தொழிலாளர் அமைப்பினரும். மருத்துவ உலகின் குரல் அதில் மெலிதாகவே கேட்டது.

2005-06-ல் மத்திய அரசு கைத்தறி நெசவாளர்களுக்கென ஒரு நலக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நெசவாளர், துணைவர், இரண்டு குழந்தைகள் சேர்ந்து ஆண்டுக்கு ரூ. 15,000 வரை சிகிச்சை பெற அது வழிசெய்தது. அட்டை இருந்தும் எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று தெரியாத குடும்பத்துக்கு அது வெறும் அட்டையாகவே இருந்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இப்போது ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆகவே பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாணவர் ரத்த அழுத்தத்தை இன்னொரு தடவை அளந்து பதிவதில் பெரிய பயன் இருக்காது. தறிக் குழியின் ஆழம், இருக்கைப் பலகையின் உயரம், விளக்கு எங்கே தொங்குகிறது, நாளுக்கு எத்தனை மணி நேரம், சாயமிடுபவரின் கையில் என்ன புண், அட்டை செல்லுபடியாகிறதா: இவற்றைக் கேட்க அங்கே அந்த மாணவரை விட்டால் ஆள் இல்லை. ஐந்து குடும்பங்கள் சிறிய எண்தான். ஓர் அணியில் நூற்றைம்பது மாணவர்கள் என்றால் எழுநூற்றைம்பது குடும்பங்கள். அவர்கள் எழுதியதை ஒன்றாகச் சேர்த்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் மேசையிலும் கைத்தறித் துறையின் மேசையிலும் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளிலும் வைத்தால் அது புறந்தள்ளக்கூடிய காகிதமாக இருக்காது. வைப்பதற்குச் சுற்றறிக்கையின் அனுமதி தேவையில்லை. ஆனால் மாணவர் கையேட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கவும் யாரும் தடை சொல்லவில்லை.

2021-22-ல் சேர்ந்த அணி பாடங்களை முடித்ததும் ஹவுஸ் சர்ஜன்களாகிறது. 2021-ல் வந்த பயிற்சி விதிகளின்படி அந்த ஓராண்டில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் உண்டு. அவர்களில் சிலருக்கு அந்த வாரங்கள் தாங்கள் முதலாண்டில் கதவு தட்டிய அதே தெருக்களில் வாய்க்கலாம். அப்போது கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இருக்கும், கையெழுத்துக்கும் ஓரளவு மதிப்பு வந்திருக்கும். முன்கூடத்தில் தறி அதே இடத்தில்தான் இருக்கும்.